உங்களுக்குத் தெரியுமா? விமானப்படை விமானியின் நெஞ்சில் குத்தப்படும் இறக்கைச் சின்னம் வெறும் தொடக்கம்தான்!

● விருதுநகர் தந்த காமராசர் முதல்வராக இருந்தபோதுதான், 1962 ஜூலையில், உடுமலை அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளி தொடங்கியது. முப்படைகளுக்கும் அதிகாரிகளை அனுப்பிவரும் பள்ளி அது.

● அவற்றில் ஒன்றான விமானப்படையில் விமானிப் பயிற்சி பிலாட்டஸ் விமானத்தில் தொடங்குகிறது. போர் விமானப் பிரிவுக்குத் தேர்வானவர்கள் பிறகு ஹாக் ஜெட்டுக்கு மாறுகிறார்கள்.

● நெஞ்சில் இறக்கைச் சின்னம் ஏறியபின்தான் உண்மையான படிப்பே தொடங்குகிறது. புது விமானி முதலில் பகலில் பறந்து பழகுவார். இரவுப் பறப்பு அதன் பிறகே. போர் விமானி இரண்டு விமான அணிக்கும், பிறகு நான்கு விமான அணிக்கும் தலைமை தாங்கத் தகுதி பெற வேண்டும். சரக்கு விமானத்தில் துணை விமானி கேப்டனாக உயர்வார்.

● ஒவ்வொரு பறப்பும் லாக்புக் என்னும் பறப்புப் பதிவேட்டில் ஏறும். பகல், இரவு, தலைமை விமானி, துணை விமானி என எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. ஆனால் மணிக்கணக்கு மட்டும் போதாது. தேர்வாளர் முன் பறந்து காட்டினால்தான் அடுத்த படி. மேகத்துக்குள் கருவிகளை மட்டுமே நம்பிப் பறப்பதற்கான உச்சத் தகுதி ‘மாஸ்டர் கிரீன்’.

● அனுபவ விமானிகளை ஆசிரியர்களாக்கும் பறத்தல் பயிற்றுநர் பள்ளி 1948-ல் அம்பாலாவில் பிறந்து, 1954 முதல் நம் தாம்பரத்தில் இயங்குகிறது.

● சிவகாசி, சாத்தூர் மாணவர்களே, மாணவிகளே! பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்தால் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு வழியாக இந்த வானம் உங்களுக்கும் உண்டு.