மேஜை பெண்... புத்தகம் ஆண்!

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டு மேஜை ஆணா, பெண்ணா?

"இது என்ன சார் கேள்வி? மேஜை அஃறிணை ஆச்சே!" என்று சிரிப்பீர்கள். தமிழில் அது சரி. பிரெஞ்சு மொழியில் அஃறிணைக்கென்று தனி இடம் கிடையாது. பெயர்ச்சொல் என்றால் ஆண்பாலாக இருக்க வேண்டும்; இல்லையேல் பெண்பால். மேஜை பெண்பால். அதன்மேல் கிடக்கும் புத்தகம் ஆண்பால்!

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரு குட்டிச் சொல் வந்து நிற்கும். ஆண்பாலுக்கு 'லு', பெண்பாலுக்கு 'லா'. எனவே புத்தகம் 'லு லீவ்ர்', மேஜை 'லா தாப்ல்'. 'ஒரு புத்தகம்' என்றால் 'அன் லீவ்ர்'. 'ஒரு மேஜை' என்றால் 'யூன் தாப்ல்'. பன்மையில் தொல்லையில்லை. இருவருக்கும் 'லே'தான்.

குட்டிச் சொல்தானே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். அதை மாற்றினால் பொருளே மாறிவிடும். 'லா தூர்' என்றால் கோபுரம். பாரீசில் 1889ல் கட்டி முடித்த ஈபிள் கோபுரம் 'லா தூர் எஃபேல்'. 'லு தூர்' என்றாலோ சுற்று! 1903ல் தொடங்கிய புகழ்பெற்ற சைக்கிள் பந்தயம் 'லு தூர் த பிரான்ஸ்'. புத்தகத்தை 'லா லீவ்ர்' என்று கேட்டால், கடைக்காரர் "அரை கிலோ எது வேண்டும்?" என்பார். அந்தச் சொல்லுக்கு அப்படி ஓர் எடைக்கணக்கு உண்டு.

மேஜைக்கு மீசை இல்லாததால் பெண்பால் ஆக்கினார்களோ? அதெல்லாம் இல்லை. பிரெஞ்சின் தாய்மொழி லத்தீன். அதில் ஆண், பெண், இரண்டும் அல்லாதது என மூன்று பால்கள். காலப்போக்கில் மூன்றாவது மறைந்து, பெரும்பாலும் ஆண்பாலோடு கலந்துவிட்டது. மேஜை லத்தீனிலேயே பெண்பால், அப்படியே வந்துவிட்டது. ஆக, பால் என்பது சொல்லுக்குத்தான், பொருளுக்கு அல்ல. 'நபர்' என்பதற்கான 'பெர்சோன்' பெண்பால் சொல். முறுக்கு மீசைத் தாத்தாவும் 'யூன் பெர்சோன்'தான்!

புதுச்சொல் வந்தால் பிரெஞ்சுக்காரர்களே திண்டாடுவார்கள். 2020ல் பலரும் 'லு கோவிட்' என்றார்கள். 1635ல் தோன்றிய பிரெஞ்சு அகாதமியோ, "அது ஒரு நோய். நோய் என்ற சொல் பெண்பால். எனவே 'லா கோவிட்' என்பதே நல்லது" என்றது. எல்லாரும் கேட்டுவிட்டார்களா என்ன? இன்றும் இரண்டும் புழங்குகின்றன.

சொல்லின் வாலைப் பார்த்துப் பாலை ஊகிக்கலாம் என்பார்கள். ஓரளவு உண்மைதான். 'ஆஜ்' என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால். பயணம் 'லு வொயாஜ்'. அதை நம்பிக் கடற்கரைக்குப் போனால், அது 'லா ப்ளாஜ்'!

இன்னொரு கண்ணாமூச்சியும் உண்டு. உயிரொலியில் தொடங்கும் சொல்லோடு 'லு', 'லா' ஒட்டிக்கொள்ளும். மரம் 'லார்ப்ர்', பள்ளி 'லெகோல்'. இப்போது பால் தெரியாதே! அதனால்தான் 'ஒரு' சேர்த்தே மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். மரம் 'அன் நார்ப்ர்', பள்ளி 'யூன் ஏகோல்'.

எங்கே, சொல்லுங்கள் பார்க்கலாம்... பள்ளி என்ன பால்?