பசிக்க முன்னரே சாப்பிடுங்கோ: நீண்ட நடைக்கு ஒரு சாப்பாட்டுக் கணக்கு



சென்ற மாதம் வானொலியில் நான் வழங்கிய உரையை எழுத்தில் தரும்படி பலர் கேட்டிருந்தீர்கள். ஞாயிறு தோறும் காடு, மலை என்று நடக்கப் போகும் குடும்பங்கள் நம்மிடையே கூடிக்கொண்டு வருவது மகிழ்ச்சியான விடயம். நான் வைத்தியன் அல்லன். வணிகவியல் படித்துக் கணக்காளராக வேலை செய்பவன். ஆகவே இதையும் ஒரு கணக்காகவே சொல்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் இரத்தப் பரிசோதனையில் என் சீனி அளவு எல்லைக் கோட்டில் நின்றது. "நடவுங்கள்" என்றார் குடும்ப வைத்தியர். நடந்தேன். அதோடு நிற்காமல், "நடக்கிற நாளில் சாப்பாட்டையும் குறைத்தால் இரட்டை இலாபம்" என்று நானாக ஒரு திட்டம் போட்டேன். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நடை. காலையில் பால் விடாத கோப்பி மட்டும். பையில் ஒரு அப்பிளும் தண்ணீர்ப் போத்தலும்.

ஒருநாள் ரோத்தார்ஸ்டைக் பாதையில் மகளோடு வில்லிங்கனிலிருந்து வின்டர்பேர்க் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ரோத்தார்ஸ்டைக் என்பது பிரிலோன் நகரிலிருந்து டில்லன்பூர்க் வரை 154 கிலோமீற்றர் செல்லும் மலைப்பாதை. 2001 இல் திறக்கப்பட்டது. ஐந்தாவது மணித்தியாலத்தில் வழியைப் பற்றி மகளோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன். பிறகு கை நடுங்கியது. கால் இரண்டும் என் சொல்லைக் கேட்கவில்லை. பசி மட்டும் இல்லவே இல்லை. மகள் என் தோளைப் பிடித்து, "அப்பா, இருங்கோ. முதல்ல இதைச் சாப்பிடுங்கோ" என்று முந்திரிகை வற்றலைக் கையில் கொட்டினாள். கால் மணித்தியாலத்தில் நான் மறுபடி மனிசன் ஆனேன்.

இதற்கு யேர்மன்காரர் வைத்திருக்கும் பெயர் ஹுங்கர்அஸ்ட். சைக்கிள் ஓட்டுபவர்களும் நடப்பவர்களும் அடிக்கடி சொல்லும் சொல். உடலின் சீனிக் கையிருப்பு முடிந்து, ஆள் திடீரென்று விழுந்துபோகும் நிலை அது.

அது எப்படி வருகிறது என்று பார்ப்போம். உடலில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று நடைமுறைக் கணக்கு. அதாவது தசைகளிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாச்சத்து. தசையில் ஏறக்குறைய 400 கிராம், ஈரலில் 100 கிராம். ஒரு கிராமுக்கு 4 கலோரி என்றால் மொத்தம் 2000 கலோரி. மற்றது நிலையான வைப்பு. அதுதான் கொழுப்பு. மெலிந்தவரிடமும் அது பல்லாயிரம் கலோரி இருக்கும். ஆனால் நிலையான வைப்பிலிருந்து காசு மெதுவாகத்தான் வரும். மட்டமான பாதையில் ஆறுதலாக நடந்தால் கொழுப்பு கணிசமான பங்கைக் கொடுக்கும். ஏற்றம் வந்து மூச்சு வாங்கத் தொடங்கினால் உடல் நடைமுறைக் கணக்கில்தான் அதிகமாகக் கைவைக்கும். மூளைக்கு வேண்டிய சீனியை ஈரல்தான் இரவு முழுவதும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே விடியும்போது ஈரலின் கையிருப்பு நன்றாகக் குறைந்திருக்கும். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மலை ஏறுவது, மாதக் கடைசியில் வெறும் கணக்கோடு கடைக்குப் போவது போன்றது.

இனிச் செலவைப் பார்ப்போம். முதலில் எத்தனை மணித்தியாலம் நடக்கப் போகிறோம்? யேர்மனியில் நடைபாதை வழிகாட்டிப் பலகைகளுக்கான டிஐஎன் 33466 என்ற நியமத்தில் அதற்கு ஓர் எளிய வழி உண்டு. மட்டத்தில் மணிக்கு 4 கிலோமீற்றர், ஏற்றத்தில் மணிக்கு 300 மீற்றர், இறக்கத்தில் மணிக்கு 500 மீற்றர். தூரத்துக்கான நேரத்தையும் ஏற்ற இறக்கத்துக்கான நேரத்தையும் தனித்தனியே பார்த்து, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்டவேண்டும். உதாரணமாக 20 கிலோமீற்றர், 600 மீற்றர் ஏற்றம், 600 மீற்றர் இறக்கம். தூரத்துக்கு 5 மணித்தியாலம். ஏற்றத்துக்கு 2, இறக்கத்துக்கு 1.2, சேர்த்து 3.2, அதில் பாதி 1.6. மொத்தம் 6.6. ஓய்வு நேரத்தை விட்டு ஆறரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

70 கிலோ நிறையுள்ள ஒருவர் இப்படியான பாதையில் மணிக்கு ஏறக்குறைய 400 கலோரி செலவழிப்பார். ஆறரை மணித்தியாலத்துக்கு 2600. வீட்டில் இருந்திருந்தாலும் அந்த நேரத்தில் 600 போயிருக்கும். ஆக, மேலதிகச் செலவு 2000 கலோரி. சாதாரண நாளில் 2200 தேவைப்படுபவருக்கு அன்றைக்கு 4200 தேவை. ஏறத்தாழ இரண்டு நாள் சாப்பாடு!

"கொழுப்புத்தானே கரையும், நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். எப்போதாவது ஒருநாள் என்றால் பரவாயில்லை. எடை குறைக்க விரும்புபவருக்குச் சிறிய பற்றாக்குறை நல்லதும்கூட. ஆனால் கிழமைக்கு இரண்டு நடை, ஒவ்வொன்றிலும் 2000 பற்றாக்குறை என்றால் கிழமைக்கு 4000. அது அரைக் கிலோவுக்கு மேற்பட்ட உடற்கொழுப்புக்குச் சமன். கரைவது கொழுப்பு மட்டும் அல்ல, தசையும் சேர்ந்துதான். ஐம்பதைத் தாண்டிய எங்களுக்கு இழந்த தசையைத் திருப்பி எடுப்பது பெரும்பாடு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் களைப்பு, நித்திரைக் குழப்பம், எரிச்சல், அடிக்கடி தடிமன், பெண்களுக்கு மாதவிடாய் தவறுதல் எல்லாம் தொடர்ந்து குறைவாகச் சாப்பிடுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். 2014 இல் சர்வதேச ஒலிம்பிக் குழு விளையாட்டு வீரர்களிடம் காணப்படும் இந்தச் சக்திக் குறைபாட்டுக்கு ஒரு தனிப்பெயரே வைத்து எச்சரித்தது. வீரர்களுக்கு வருவது எங்களுக்கு வராதா?

சரி, வரவுப் பக்கம். காலையில் வெளிக்கிட ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்கு முன் 600 அல்லது 700 கலோரி: பிட்டும் வாழைப்பழமும், அல்லது பாணும் முட்டையும், அல்லது ஓட்ஸ் கஞ்சி. நடக்கத் தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் முதல் கவளம். பசிக்கிறதோ இல்லையோ, அதன்பின் மணிக்கு ஒருமுறை. மணிக்கு 30 கிராம் மாச்சத்து உள்ளே போனால் நடைக்குப் போதும். கடும் ஏற்றம் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. தண்ணீர் மணிக்கு அரை லீற்றர் அளவில். வெயில் நாளில் உப்புச் சேர்ந்த ஏதாவது.

இப்போது என் பையில் போவது இதுதான்:

புளிச்சாதம் 300 கிராம், நல்லெண்ணெய், கச்சானோடு: 500 முதல் 600 கலோரி.
எள்ளுருண்டை இரண்டு: 200.
வாழைப்பழம் ஒன்று: 100.
சிறிய பேரீச்சம்பழம் ஐந்து: 100.
பருப்புகளும் வற்றலும் கலந்த ஸ்டுடென்டன்ஃபுட்டர் 50 கிராம்: 240.

மொத்தம் ஏறக்குறைய 1200. இரவில் சோறு, பருப்பு, மீன் அல்லது முட்டை என்று வயிறார. அப்படியும் மிச்சம் வருவதை அடுத்த நாள் காலையில் ஈடுசெய்யலாம். கரைந்த மாச்சத்து முழுதாக நிரம்ப ஒருநாள் போல எடுக்கும். ஞாயிறும் நடப்பதென்றால் சனி இரவுச் சாப்பாடுதான் ஞாயிறின் முதல். கடைப் பொருட்களைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். ஞாயிறு கடைகள் பூட்டு, வழியில் இருக்கும் உணவகத்துக்கும் அன்று ஓய்வு நாளாக இருக்கக்கூடும்.

இதெல்லாம் எங்களுக்குப் புதிது அல்ல. என் அம்மம்மா சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர். வெயில் ஏறமுன் நடை, வழியில் ஊர்ச்சனம் கொடுக்கும் அன்னதானம், மத்தியானம் மரநிழலில் ஓய்வு. உகந்தை முருகன் கோயிலைத் தாண்டினால் குமண, யால காடு. அங்கே கொடுப்பார் இல்லை. அரிசி, அவல், சர்க்கரை எல்லாம் முடிச்சாகக் கட்டிக்கொண்டுதான் காட்டுக்குள் இறங்குவார்களாம். பக்திக்காக நடந்த அம்மம்மாவே பட்டினியாக நடக்கவில்லை.

அந்த அறிவை நாங்கள் எங்கே தொலைத்தோம்? என்னைப் பொறுத்தவரை விடை தெரியும். நான் 1994 இல் இங்கு வந்து சேர்ந்தபோது, தஞ்சம் கோருவோர்க்குப் பணத்துக்குப் பதில் பொருளாகக் கொடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்து சில மாதங்கள்தான். சாப்பாடு பொதியாக வந்தது. பிடிக்காததை வைத்துவிட்டுப் பசியோடு படுத்த இரவுகள் உண்டு. 1982 முதல் இருந்த வதிவிடக் கட்டுப்பாட்டால் எங்கள் மாவட்ட எல்லையை அனுமதியில்லாமல் தாண்டவும் முடியாது. 2015 இல்தான் அது பெருமளவு தளர்த்தப்பட்டது. பசியைப் பொறுப்பதே வீரம் என்று அந்த நாட்களில் பழகிவிட்டேன். வில்லிங்கன் இருப்பது ஹெஸ்ஸனில், வின்டர்பேர்க் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில். மகள் எனக்கு முந்திரிகை வற்றல் தந்த அன்று மாநில எல்லையையே யாரையும் கேளாமல் நடந்து கடந்திருந்தேன். ஆனால் வயிற்றை மட்டும் பழைய முகாமிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

உரைக்குப் பின் நேயர்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லி முடிக்கிறேன்.

சலரோகம் உள்ளவர்கள் இப்படிச் சாப்பிடலாமா? இன்சுலின் போடுபவர்களும், கிளிமெபிரைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் நீண்ட நடையில் சீனி அளவு ஆபத்தாக இறங்கும் நிலைக்கு ஆளாகலாம். மெற்ஃபோமின் மட்டும் எடுப்பவர்களுக்கு அது அரிது. நடைக்கு முன்பே வைத்தியரோடு கதைத்து மருந்தின் அளவையும் சாப்பாட்டையும் தீர்மானியுங்கள், நீங்களாக மாற்றவேண்டாம். அளக்கும் கருவியும், மருந்தகத்தில் கிடைக்கும் ட்ரவுபென்சுக்கரும் சட்டைப்பையில் இருக்கட்டும். 70 க்குக் கீழே போனால் 15 கிராம் சீனி எடுத்து, 15 நிமிடம் இருந்து, மறுபடி அளக்கவேண்டும். நடந்த அன்று இரவிலும் சீனி இறங்கக்கூடும் என்பதை வீட்டில் உள்ளவர்களும் அறிந்திருக்கவேண்டும்.

வெள்ளி விரதம் இருந்துவிட்டுச் சனிக்கிழமை நடக்கலாமா? நடக்கலாம். விரதத்தை முடித்து வெள்ளி இரவு நன்றாகச் சாப்பிட்டு, சனி காலையும் சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடுங்கள். விரத நாளிலேயே நீண்ட நடை வேண்டாம்.

கட்டுச்சோறு பழுதாகாதா? சோற்றில் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை, இளஞ்சூட்டில் பெருகும். ஆகவே இரவு சமைத்தால் கெதியாக ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் சாப்பிட்டு முடியுங்கள். கோடையில் குளிர்ப்பை நல்லது.

கடைசியாக ஒரு கணக்காளன் ஆலோசனை. கிழமைக்கு ஒருமுறை, ஒரே நாள் காலையில் நிறை பார்த்து எழுதி வையுங்கள். நீங்கள் விரும்பாமலே அது இறங்கிக்கொண்டு போனால் வரவு போதவில்லை என்று அர்த்தம். என் கொப்பியில் ஒரு வருடமாக நிறை அசையவில்லை, சீனி அளவும் எல்லைக்குள் இறங்கியிருக்கிறது. மகளோடு சண்டையும் இல்லை.

அடுத்த உரையில் சந்திப்போம்.