உச்சியில் ஒன்றேகால் மணி

செமினியில் உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு அடிப்பதில்லை. ஒன்று பத்து, ஒன்றேகால் வாக்கில்தான் சூரியன் உச்சிக்கு வருகிறது. பிப்ரவரி நடுவில் இன்னும் தாமதித்து ஒன்றரையை நெருங்கும். நவம்பர் தொடக்கத்தில் மட்டும் ஒரு மணிக்குச் சற்று முன்பே வந்துவிடும். இது கடிகாரம் செய்த வேலை. சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. அதற்கு முன்பும் நம் கடிகாரம் சூரியனை முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, இன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி. அலுவலகமும் தொழிற்சாலையும் சாப்பாட்டுக்கு விடும் நேரத்தில் காரை நிறுத்திவிட்டு மாமாக் கடைக்கு நடக்கிறோமே, அந்த நடைதான் அன்றைய நாளின் ஆகக் கடுமையான வெயில். தலையில் முடி இருப்பவருக்கு இது ஒரு சுவாரசியமான தகவல், அவ்வளவுதான். வழுக்கைக்காரருக்குப் பாதி வைத்தியம் இதிலேயே இருக்கிறது.

செமினி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று டிகிரிக்குள் இருக்கும் ஊர். மார்ச் கடைசி வாரத்திலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் சூரியன் நேரே தலைக்கு மேல் வந்து நிற்கும். ஆண்டிலேயே தாழ்வாகப் போகும் டிசம்பரில்கூட அந்த நேரத்தில் 63 டிகிரிக்குக் கீழே இறங்காது. இப்படிச் செங்குத்தாக அடிக்கும் வெயிலில் முகத்துக்குப் புருவமும் மூக்கும் ஓரளவு நிழல் கொடுத்துவிடுகின்றன. கதிர் சாய்வாகப் பட்டுச் சிதறிப் போகிறது. முழுக் கதிரையும் நேராக வாங்குவது உச்சந்தலையும் தோள்பட்டையும்தான். தோளுக்குச் சட்டை இருக்கிறது. ஐரோப்பிய அழகுசாதனக் கையேடுகள் முகத்தையும் கழுத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுத் தலையை ஒரு வரியில் முடித்துவிடுவது அவர்கள் சூரியனுக்குச் சரி. அங்கே அது பெரும்பாலும் பக்கவாட்டில்தான் நிற்கிறது.

புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்ல உலகச் சுகாதார நிறுவனம் ஒரு குறியீட்டெண் வைத்திருக்கிறது. 11-ஐ எட்டினாலே ‘மிகக் கடுமை’. கிள்ளான் பள்ளத்தாக்கில் மேகமில்லாத நண்பகலில் அந்த எண்ணைத் தொடுவது சாதாரணம். மெல்லிய மேகம் இதைப் பெரிதாகக் குறைப்பதில்லை. சூடு தெரியாது, அதனால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிடுவோம்.

கருவி எதுவும் வேண்டாம், நிழலைப் பார்த்தால் போதும். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை என்று பொருள். செமினியில் அது ஏறக்குறைய காலை பத்தேகாலுக்குத் தொடங்கி மாலை நாலேகால் வரை. புரோகா மலைக்கு விடியலில் ஏறுகிறவர்கள் எட்டு, எட்டரைக்குள் இறங்கிவிட்டால் தலைக்குச் சேதம் சொற்பம். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகம் தாண்டி ஜாலான் புரோகாவில் இருக்கும் அந்த மலையின் உச்சியும் வழுக்கைதான். லாலாங் புல்லைத் தவிர ஒதுங்க ஒரு மரம் கிடையாது. பதினொரு மணிக்கு அங்கே நின்று செல்ஃபி எடுக்கும் மொட்டைத் தலைகளைக் கண்டால் எனக்குத்தான் தலை எரிகிறது.

தோட்டத்தில் பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்தச் சிக்கல் இந்த அளவுக்கு இல்லை. விடியுமுன் மரத்தில் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டிலேயே வேலை தொடங்கிவிடும். மரங்களின் நிழல் வேறு. தலையில் துணி கட்டாமல் காட்டுக்குள் போனவர் அபூர்வம். அவர்களின் பேரன்கள் இன்று கட்டுமானத் தளத்திலும், பாதுகாவலர் சாவடியிலும், உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் மோட்டார் சைக்கிளிலும் ஒரு மணி வெயிலில் இருக்கிறார்கள்.

வழுக்கை ஏன் விழுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இந்தக் கட்டுரை முடியை மீட்பதற்கானது அல்ல. ஆண் ஹார்மோன் இல்லாமல் இந்த வழுக்கை இல்லை என்று 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் காட்டினார். பருவமடையும் முன்பே விதையகற்றப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை. அந்த ஹார்மோனைக் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு விழத் தொடங்கியது. டெஸ்டோஸ்டிரோன் உருமாறி டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் ஆகிறது. மரபுவழியில் அதற்கு இளகிக் கொடுக்கும் முடிக்குழிகள் ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துக்கொண்டே போகின்றன. கடைசியில் மிஞ்சுவது பூனைமுடி. வழுக்கையில் முடியே இல்லை என்று நினைக்கிறோம்; உற்றுப் பார்த்தால் நிறையவே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவில்.

முடி சிறுத்தாலும் அதன் பக்கத்திலேயே இருக்கும் எண்ணெய்ச் சுரப்பி சிறுப்பதில்லை. முன்பு முடியில் ஏறிப் பரவிய எண்ணெய் இப்போது தோலிலேயே தங்குகிறது. பளபளப்பு அதனால்தான். முடி விட்டுச்சென்ற இன்னொரு வெற்றிடமும் உண்டு. முடியின் வேரைச் சுற்றி நரம்பு முனைகள் இருக்கின்றன. தாழ்ந்த நிலைப்படி முடியில் உரசிய மறுகணமே தலை பின்வாங்கிவிடும். வழுக்கைக்காரருக்கு அந்த முன்னெச்சரிக்கை கிடையாது. உச்சியில் ஆறாத கீறலோடு திரிகிறவர் பெரும்பாலும் தன் கார் டிக்கியின் மூடியில் இடித்துக்கொண்டவர்.

மொட்டை அடித்தால் சூடு குறையும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நிழலில் அது உண்மைதான்: வெறுந்தலையில் வியர்வை தடையில்லாமல் ஆவியாகிறது. வெயிலில் கதை மாறுகிறது. டினா லசிசி, நினா ஜப்லான்ஸ்கி குழுவினர் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஒரு வெப்பப் பொம்மைக்கு நேர்முடி, அலைமுடி, சுருட்டைமுடி என மூன்று விதப் பொய்முடிகளை மாட்டியும், எதுவும் மாட்டாமலும் செயற்கை வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். 2023-இல் வெளியான முடிவு இது: வெறுந்தலைக்குள் புகுந்த சூரிய வெப்பமே ஆக அதிகம், இறுக்கமான சுருட்டைமுடிதான் ஆக நல்ல குடை. ஆக, மொட்டைக்குக் குளிர்ச்சி வேண்டுமென்றால் நிழலும் வேண்டும். காற்றோட்டமான துணித் தொப்பி, சுற்றிலும் விளிம்பு உள்ளது, முதல் மருந்து. பேஸ்பால் தொப்பி காதையும் பிடரியையும் விட்டுவிடும். உச்சியில் வலைத்துணி இருந்தால் வெயில் அதன் வழியே புள்ளிபுள்ளியாக இறங்கும்.

‘நமக்குத்தான் கறுப்புத் தோலாச்சே’ என்பது அடுத்த பேச்சு. அதில் உண்மை உண்டு. 1979-இல் அமெரிக்காவில் அளந்தபோது கறுப்பினத்தவரின் மேல்தோல் சராசரியாக 13 மடங்கும், வெள்ளையரின் மேல்தோல் 3 மடங்கு சொச்சமும் காப்பு தந்தன. நம்மவர் இடையில் எங்கோ. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்து முதியவர்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டபோது, வெயில் உண்டாக்கும் சொரசொரப்பான முன்புற்றுத் திட்டுகளுக்கும் கடும் வழுக்கைக்கும் நெருங்கிய தொடர்பு தெரிந்தது. ஆனால் அவர்கள் வெளிறிய தோல்காரர்கள். தமிழ்த் தலையில் தோல் புற்று அரிது; பயமுறுத்த விரும்பவில்லை. நமக்கு வரும் தொல்லை வேறு: கருந்திட்டு, சுருக்கம், காய்ந்து செதிலாக உதிரும் தோல், ஆற மறுக்கும் புண். பல ஆண்டு வழுக்கை வெயிலுக்கு ஓரளவு பழகிக் கறுத்திருக்கும். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் புதிதாக இறக்கிய மொட்டை அப்படி அல்ல. நேற்றுவரை முடிக்குள் இருந்த வெளிறிய தோல், சவரக்கத்தி மேல்படலத்தைச் சுரண்டிய மறுமணி நேரத்திலேயே வெயிலுக்கு வருகிறது. சூரியன் ஒன்றரையை ஒட்டி உச்சிக்கு வரும் பருவமும் அதுவே.

அங்கே பூசும் சந்தனம் குளிர்ச்சி தருவது ஈரம் உலரும்வரை. கெட்டியான பூச்சு கொஞ்சம் ஒளியைத் தடுக்கத்தான் செய்யும். காய்ந்து வெடித்தபின் வெடிப்புகளின் வழியே வெயில் தன் வேலையைப் பார்க்கும். சந்தனம் முடி வளர்க்கும் என்று 2018-இல் சமூக ஊடகங்களில் ஒரு செய்தி ஓடியது. ரால்ஃப் பாவுஸ் குழுவினரின் ஆய்வு அது. மனித முடிக்குழியில் வாசனையை உணரும் ஏற்பி ஒன்று இருக்கிறது, அதைத் தூண்டினால் முடியின் வளர்பருவம் நீள்கிறது என்று கண்டார்கள். தூண்டியது சந்தலோர் என்ற செயற்கை மணப்பொருள். கல்லில் இழைத்த சந்தனக்கட்டை அந்த ஆய்வுக்கு வரவே இல்லை.

சந்தனத்தைக் காட்டிலும் நான் அஞ்சுவது எலுமிச்சையைத்தான். பொடுகுக்கும் பித்தத்துக்கும் எலுமிச்சையைத் தலையில் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஊறிப்போனது. எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் ஃபியூரனோகூமரின் என்ற வேதிப்பொருள்கள் உண்டு. இருட்டில் அவை சாது. புற ஊதா-ஏ கதிர் பட்டதும் அவை தோல் செல்களின் டி.என்.ஏ.வோடு பிணைந்துகொண்டு செல்லைக் கொல்கின்றன. உடனே ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிவந்து, எரிந்து, சில சமயம் கொப்புளமாகவே எழும்பும். பிறகு அதே இடம் கறுத்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட நிற்கும். சாறு வழிந்த தடம் அப்படியே கோடாகப் பதிந்திருப்பதைப் பார்த்துத்தான் மருத்துவர் கண்டுபிடிப்பார்; நோயாளிக்கு எலுமிச்சை நினைவிலேயே இருக்காது. முடி உள்ள தலையில் முடி மறைத்துவிடும். வழுக்கையிலோ சவரம் செய்த தலையிலோ மறைக்க என்ன இருக்கிறது? தேய்த்தே ஆகவேண்டும் என்றால் இரவில் தேய்த்துச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுப் படுங்கள்.

தேங்காய் எண்ணெயை அளவோடு, சவரத்துக்குப்பின் காய்ந்த தோலுக்குத் தடவலாம். அது வெயிலைத் தடுக்கும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். தலையில் செதிலும் அரிப்பும் இருப்பவர் எண்ணெயை நிறுத்துவதே நல்லது. செதிலுக்குப் பின்னால் இருக்கும் மலசீசியா பூஞ்சை தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே செய்யத் தெரியாதது; தோலில் கிடைக்கும் எண்ணெயைத்தான் தின்று வாழ்கிறது.

வெயில் தடுப்புக் களிம்பின் டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று தாராளமாகப் பூசி அளந்தது. வழுக்கை 300 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் 600 மில்லிகிராம். ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கணுவைச் சற்றுத் தாண்டும்வரை பிதுக்கினால் ஏறக்குறைய அவ்வளவு வரும். நாம் பூசுவது பட்டாணி அளவு. பட்டாணிக்கு ஏற்ற காப்புதான் கிடைக்கும். துத்தநாக ஆக்சைடு கலந்தது நம் நிறத்தில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். ஜெல் வகையில் அந்தத் தொல்லை குறைவு. வியர்த்து வழிந்தால் இரண்டு மணிக்கொரு முறை மறுபடி. வாங்கும்போது டப்பாவில் ‘நோட்’ என்று தொடங்கும் அறிவிக்கை எண் இருக்கிறதா என்று பாருங்கள். மலேசியாவில் அழகுசாதனப் பொருள் எதுவானாலும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்திருந்ததால் அறிவிக்கை ரத்தான களிம்புகளின் பெயர்களை அந்த முகமை அவ்வப்போது வெளியிடுகிறது. பசார் மாலாமில் எண் இல்லாமல் விற்பதைத் தலையில் தடவாதீர்கள்.

இனி முடிதிருத்தும் கடை. நாற்காலியில் உட்கார்ந்ததும் கேள்வி வரும்: “அண்ணே, ஸீரோவா, ரேசரா?” இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலில்தான் பலருடைய பிடரி கெடுகிறது. சுருட்டைமுடியைத் தோலோடு ஒட்ட மழிக்கும்போது அதன் கூர்முனை வளைந்து மறுபடி தோலுக்குள்ளேயே குத்தி நுழையும். கடுகு கடுகாகப் பிடரியில் கிளம்பும் கட்டிகளுக்கு இது ஒரு காரணம். சட்டைக் காலரும் ஹெல்மெட் பட்டையும் தேய்த்துத் தேய்த்து அவற்றை வளர்க்கும். கிள்ளிக் கிள்ளி விட்டால் சில கெட்டித் தழும்பாகவே நிலைத்துவிடும். கட்டி கிளம்பும் தலைக்கு ‘ஸீரோ மெஷின்’ போதும். ரேசர்தான் வேண்டுமென்றால் வெந்நீரில் ஊறிய தலையில், முடி சாயும் திசையிலேயே, தோலை இழுத்துப் பிடிக்காமல். “பிளேடைப் பிரிச்சுப் போடு தம்பி” என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். கல்லீரல் அழற்சி பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில், குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். படிகாரக் கல்லைத் தேய்த்தால் ரத்தம் நிற்கும்; ஆனால் கிருமியும் சாகும் என்று நம்பக் கூடாது. பலருக்கும் தேய்க்கும் அதே கல்லானால் அதையும் தவிர்க்கலாம். இன்னொன்று: மழித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று குழந்தைகளுக்கு மொட்டை மேல் மொட்டை போடுகிறோமே, மில்ட்ரட் டிராட்டர் 1928-லேயே அளந்து பார்த்து இல்லை என்று சொல்லிவிட்டார். வேண்டுதல் வேறு விஷயம்.

மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹெல்மெட்டின் உள்துணியை வாரம் ஒருமுறை கழற்றித் துவைத்து, நிழலில் அல்ல, அந்த ஒரு மணி வெயிலிலேயே காயப்போடட்டும்.

தன் உச்சந்தலையைத் தானே பார்க்க முடியாது என்பது வழுக்கையின் பெரிய இடைஞ்சல். பார்க்கிறவர் முடிதிருத்துபவர்தான். அமெரிக்காவின் ஹூஸ்டனில் முடிதிருத்துபவர்களிடம் கேட்டு 2011-இல் வெளியான ஆய்வில், வாடிக்கையாளர் தலையில் சந்தேகமான மச்சம் இருக்கிறதா என்று பலர் தாமாகவே கவனிப்பதாகத் தெரிந்தது. நம் தம்பிமாரும் பார்க்கத்தான் செய்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். உப்புத்தாள்போல் சொரசொரக்கும் இடம் கண்ணைவிட விரலுக்குச் சீக்கிரம் அகப்படும், குளிக்கும்போது தடவிப் பாருங்கள். நாலு வாரமாகியும் ஆறாத புண், தொட்டால் கசியும் திட்டு, ஓரம் ஒழுங்கில்லாமல் பெருக்கும் மச்சம் என்றால் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகலாம்; குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான், தேவைப்பட்டால் தோல் மருத்துவருக்குக் கடிதம் தருவார்கள். போகுமுன் முடிதிருத்தும் தம்பியிடம் கைபேசியைக் கொடுத்து அந்த இடத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு பத்து சென் காசையும் வைத்து. அடுத்த மாதம் அது பெருத்திருக்கிறதா என்று பார்க்க அளவு வேண்டுமே.