திரைச்சீலைக்குப் பின்னால் 1848

1848 மார்ச் கடைசி. ஃபிராங்க்ஃபர்ட் நகரின் பவுல்ஸ்கிர்ஷ தேவாலயத்தில் 500-க்கும் மேற்பட்ட ஆண்கள் கூடியிருக்கிறார்கள். ஜெர்மனிக்கு ஒரு நாடாளுமன்றம் வேண்டும், அதற்குத் தேர்தல் எப்படி நடத்துவது என்று அனல் பறக்கும் விவாதம். பெண்களுக்கு அங்கே இடம் ஒதுக்கவில்லை. ஆனால் பிரசங்க மேடையைக் கறுப்பு, சிவப்பு, பொன் நிறத் துணியால் மூடி அலங்கரித்திருக்கிறார்களே, அந்தத் துணிக்குப் பின்னால் கொஞ்சம் பாருங்கள்! மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்திருக்கிறார் மால்விடா ஃபான் மைசன்பூக். வயது 31. அமைச்சர் ஒருவரின் மகள். தெரிந்தவர் ஒருவர் ரகசியமாக உள்ளே அழைத்துவந்து விட்டிருந்தார். பிற்காலத்தில் மால்விடா எழுதிய நினைவுக் குறிப்புகளில் இந்தப் பகுதியைப் படிக்கும்போது நமக்கும் இதயம் படபடக்கிறது.

ஜெர்மன் புரட்சி என்றதும் தடுப்பரண்கள், துப்பாக்கிகள், தாடிவைத்த கவிஞர்கள் என்றுதான் படங்கள் வரும். எனக்கு அந்தப் படங்களின் ஓரத்தில் இருப்பவர்கள்மேல்தான் தீராத மோகம். தேநீர் ஊற்றிக் கொடுத்தவர்கள், கடிதம் எழுதியவர்கள், அச்சுக்கூடம் நடத்தியவர்கள், சிறைக்கதவைத் திறக்கப் பணம் திரட்டியவர்கள். பிடித்துக்கொண்டு போனால் ஒருவர் வீட்டு வாசல் இன்னொருவர் வீட்டுக் கூடத்தில் திறக்கிறது. இப்படி ஒரு வலைப்பின்னல் இல்லாமல் அந்தப் புரட்சியில் பாதி வேலை நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் பெர்லினுக்குப் போவோம், அரை நூற்றாண்டு முன்னால். யேகர் தெருவில் ஒரு வீடு, அதில் கூரையை ஒட்டிய சின்ன மாடி அறை. அங்கே இருப்பவர் ராகெல் லெவின், 1771-இல் பிறந்த யூதப் பெண். கல்யாணம் ஆகவில்லை, பட்டம் கிடையாது, பிரஷ்யாவில் குடியுரிமையும் கிடையாது. விருந்தென்று பெரிதாக ஒன்றுமில்லை, தேநீர்தான். ஆனால் வருகிறவர்களைப் பாருங்கள்! மாமன்னர் ஃபிரெடரிக்கின் தம்பி மகன் இளவரசர் லூயி ஃபெர்டினாண்ட் ஒரு பக்கம், நாடக நடிகைகள் ஒரு பக்கம், ஹும்போல்ட் சகோதரர்கள், ஷ்லேகல், ஷ்லையர்மாகர். வெளியே தெருவில் ஒருவரையொருவர் நிமிர்ந்துகூடப் பார்க்கத் தயங்கியிருக்கக்கூடியவர்கள் இங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாதம் செய்தார்கள். சலோன் என்றழைத்த இந்த வீட்டுச் சபைகளின் புரட்சி அதுதான். எந்தச் சட்டமும் தராத சமத்துவத்தை ஒரு பெண் தன் கூடத்தில் சில மணி நேரத்துக்கு நடத்திக் காட்டினார்.

1806-இல் இளவரசர் ஸால்ஃபெல்ட் போரில் மாண்டார், நெப்போலியன் பெர்லினுக்குள் நுழைந்தார், சபை கலைந்தது. ராகெல் விடவில்லை. கார்ல் அவுகுஸ்ட் ஃபார்ன்ஹாகனை மணந்து, 1820-களில் மறுபடியும் கதவைத் திறந்தார். இம்முறை வந்தவர்களில் ஹைன்ரிஷ் ஹைனே என்ற இருபத்துச் சொச்சம் வயது இளைஞரும் உண்டு. பின்னால் தன் கவிதைத் தொகுதி ஒன்றையே அவர் ராகெலுக்குச் சமர்ப்பித்தார். 1833-இல் ராகெல் காலமானதும் கணவர் அவருடைய கடிதங்களைப் புத்தகமாக்கினார். அடுத்த தலைமுறைக் கலகக்கார எழுத்தாளர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் முன்னோடி இவர் என்று கொண்டாடினார்கள்.

அதே நகரத்தில் பெட்டினா ஃபான் ஆர்னிம். ஏழு பிள்ளைகளின் தாய், நாற்பத்தைந்து வயதில் கணவரை இழந்தவர், ஐம்பது வயதில் முதல் புத்தகம் போட்டவர். இவரைப் பற்றி எழுதும்போது என் பேனா நிற்கவே மாட்டேன் என்கிறது! 1843-இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பைக் கேளுங்கள்: ‘இந்தப் புத்தகம் அரசருக்குச் சொந்தம்’. அரசர் நான்காம் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் சமர்ப்பணத்தை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். அதன்பிறகு எந்தத் தணிக்கை அதிகாரி அதில் கைவைக்கத் துணிவான்? உள்ளே அரசாட்சியைப் பற்றிய காரசாரமான விமர்சனம். கடைசியில் இணைப்பாக பெர்லினின் ஹாம்பர்க் வாசலுக்கு வெளியே இருந்த ஏழைக் குடியிருப்பைப் பற்றிய கள அறிக்கை. ஹைன்ரிஷ் குருன்ஹோல்ட்சர் என்ற சுவிஸ் இளைஞர் வீடு வீடாக நுழைந்து குறித்துக்கொண்டு வந்தது. 400 அறைகளில் 2,500 பேர். யாருக்கு எவ்வளவு கடன், எந்த நெசவாளிக்கு என்ன கூலி, எந்தக் குழந்தைக்கு என்ன நோய் எல்லாம் அதில் இருக்கிறது. அரசருக்கு அதைப் பரிசாகக் கொடுத்தார் பெட்டினா!

அடுத்து நாடு முழுவதின் வறுமையைப் பற்றியும் ஒரு புத்தகம் தயாரிக்க இறங்கினார். தகவல் கேட்டு 1844-இல் பத்திரிகைகளில் அறிவிப்புக் கொடுத்தார். ஜூன் மாதம் சிலேசிய நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பழி பெட்டினாமேல் விழக்கூடும் என்ற நிலை. அந்தப் புத்தகம் அவர் காலத்தில் வெளிவரவேயில்லை. 1847-இல் பெர்லின் நகர நிர்வாகத்தை அவமதித்தார் என்று இரண்டு மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள், அது நிறைவேறாமல் போனது. 1848 வந்தபோது அவருடைய வீட்டிலேயே இரண்டு சபைகள். மகள்களின் அறையில் அரசவைக்கு வேண்டிய பிரபுக்கள், அம்மாவின் அறையில் ஜனநாயகவாதிகள். அந்த வீட்டு நடையில் ஒரு மாலை நின்று பார்க்கக் கிடைத்திருந்தால்!

பெட்டினாவின் மகள்களுக்கு 1830-களில் இசை சொல்லிக் கொடுத்த ஆசிரியையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் யோஹானா. அவரிடம் சீக்கிரம் வருகிறேன்.

பெர்லினில் எல்லோருக்கும் பெட்டினாவின் செல்வாக்கு இல்லை. லூயிஸே அஸ்டன் என்ற எழுத்தாளரை 1846-இல் நகரத்தை விட்டே போலீஸ் துரத்தியது. ஆணுடை அணிந்தார், சுருட்டுப் பிடித்தார், கடவுள் நம்பிக்கை இல்லை என்று அதிகாரியின் முகத்துக்கு நேரே சொன்னார். தன் வெளியேற்றத்தையே பொருளாக்கி அவர் அச்சிட்ட சிறு நூலைப் பார்த்துக் கொதித்தெழுந்து, அவருக்காகப் பரிந்து எழுதியவர் மதில்டே அன்னெக்கே. நேரே கொலோனில் அன்னெக்கேயின் வீட்டுக்கு வாருங்கள். 1848 ஜூலையில் கணவர் ஃபிரிட்ஸைக் கைது செய்துகொண்டு போகிறார்கள். அதே மாதம் மதில்டேவுக்குக் குழந்தை பிறக்கிறது. செப்டம்பரில் வீட்டுக்குள்ளேயே அச்சு வேலை, தொழிலாளர்களுக்கான தினசரி! அந்த மாதக் கடைசியில் கொலோனில் ராணுவ முற்றுகை அறிவித்து, பத்திரிகையைத் தடை செய்தார்கள். உடனே மதில்டே பெயரை மாற்றினார்: ‘பெண்கள் பத்திரிகை’. பெண்கள் பத்திரிகையில் என்ன இருக்கப்போகிறது, சமையல் குறிப்புதானே என்று அதிகாரிகள் நினைக்கட்டும் என்பது கணக்கு. ஒன்றிரண்டு இதழ்களில் விழித்துக்கொண்டார்கள். அதற்கென்ன, மறு வருடம் அவரே குதிரை ஏறி, பாடன் போர்க்களத்தில் கணவருக்குத் துணையாகச் செய்தி கொண்டு ஓடினார். பிறகு அமெரிக்காவின் மில்வாக்கியில் மறுபடியும் ஒரு பெண்கள் பத்திரிகை, ஒரு பெண்கள் பள்ளி.

சாக்சனியில் லூயிஸே ஒட்டோ 1849-இல் தொடங்கிய பெண்கள் பத்திரிகைக்கு நடந்தது இன்னும் அதிசயம். பெண்கள் பத்திரிகை ஆசிரியராக இருக்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். அவர் எல்லை தாண்டி கேரா நகரத்திலிருந்து தொடர்ந்து நடத்தினார்.

எம்மா ஹெர்வெக்? பெர்லின் பட்டு வியாபாரியின் மகள். கவிஞர் கேயோர்க் ஹெர்வெக்கை மணந்தவர். 1848 ஏப்ரலில் பாரிஸிலிருந்து புறப்பட்ட ஜெர்மன் ஜனநாயகப் படையில் கறுப்புக் கால்சட்டை, வெல்வெட் மேலங்கி, இடுப்புவாரில் இரண்டு கைத்துப்பாக்கிகளும் ஒரு குத்துவாளுமாகக் காட்சி தந்தார். எதிரிப் பகுதிக்குள் தனியாகப் போய், கலகத் தலைவர் ஹெக்கரைச் சந்தித்துச் செய்தி கொண்டுவந்தவரும் அவரே. அந்தப் படை டோஸன்பாஹ் என்ற இடத்தில் தோற்ற பிறகு தம்பதிகள் விவசாயிகள் வேடத்தில் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார்கள். கவிஞர் வண்டியில் ஒளிந்துகொள்ள மனைவி ஓட்டிப்போனாள் என்று எதிரிகள் கதை கட்டியபோது, நடந்ததை எழுதி 1849-இல் புத்தகமாகவே போட்டார். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒரு ராஜத்துரோகி எழுதியது’!

இப்போது யோஹானா. பான் நகரத்துக்குத் திரும்பி, 1840-இல் இலக்கியச் சங்கம் ஒன்றை கோட்ஃபிரீட் கிங்கலுடன் சேர்ந்து தொடங்கினார். வாரா வாரம் கையெழுத்துப் பத்திரிகை. கிங்கலையே மணந்தார், நான்கு குழந்தைகள். 1849-இல் கிங்கல் புரட்சிப் படையில் சேர்ந்துவிட, பானில் அவருடைய நாளிதழை யோஹானாதான் நடத்தினார். போர்க்களத்தில் காயம்பட்டுப் பிடிபட்ட கிங்கலுக்கு ஆயுள் தண்டனை. அவருடைய உயிருக்காக அரசரிடம் மன்றாடியவர்களில் பழைய எஜமானி பெட்டினாவும் ஒருவர்! பேராசிரியராக இருந்த கிங்கலைச் சிறையில் கம்பளி நூற்க வைத்தார்கள்.

யோஹானா, கிங்கலின் மாணவர் கார்ல் ஷுர்ட்ஸைத் தேடிப் பிடித்தார். அவருக்கு 21 வயதுதான். சிறைக்குப் போகும் கடிதங்களையெல்லாம் அதிகாரிகள் படிப்பார்கள் அல்லவா? தப்பிக்கத் திட்டம் தயார் என்று கணவருக்கு எப்படிச் சொல்வது? இசை வல்லுநரான யோஹானா ‘ஃபூகா’ என்ற இசை வடிவத்தைப் பற்றி நீண்ட பாடம் எழுதினார். அந்தச் சொல்லுக்கு லத்தீனில் ஓட்டம், தப்பிப்பு என்று பொருள். கிங்கலுக்குப் புரிந்தது, காவலர்களுக்குச் சங்கீதம் மட்டும் தெரிந்தது. பணத்தில் கணிசமான பங்கைத் தந்தவரும் ஒரு பெண், மாரி ஃபான் புரூனிங்க் சீமாட்டி. 1850 நவம்பர் 6 இரவு, ஷ்பான்டாவ் சிறையின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கினார் கிங்கல். கீழே காத்திருந்தவர் ஷுர்ட்ஸ். பின்னாளில் அவர் அமெரிக்காவின் உள்துறைச் செயலர்!

லண்டனில் நாடு கடந்தோர் கூடியபோது புரூனிங்க் சீமாட்டி வீட்டிலும் ஒரு சபை திறந்தது. மால்விடாவும் 1852-இல் அங்கே வந்து சேர்ந்தார், கிங்கல் குடும்பத்தோடு நெருங்கினார். யோஹானா பாட்டு வகுப்பெடுத்துக் குடும்பம் நடத்தினார், நடுவே நாவல் எழுதினார். அது 1860-இல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. நாடுகடத்தப்பட்ட ஒரு குடும்பத்தின் அன்றாடப் பாட்டைச் சொல்லும் அந்த நாவலைத்தான் வீரக் கதைகளுக்கெல்லாம் முன்பாக நான் சிபாரிசு செய்வேன்.

இதில் பலவும் நமக்கு எப்படிக் கிடைத்தது? இன்னொரு பெண்ணால்! ராகெலின் கணவர் ஃபார்ன்ஹாகன் ஒரு துண்டுக் காகிதத்தையும் எறியாதவர். 1848-இன் ஒவ்வொரு நாளையும் நாட்குறிப்பில் எழுதினார், கடிதம், துண்டுப்பிரசுரம் எல்லாம் சேர்த்தார். 1858-இல் அவர் காலமானதும் மருமகள் முறையான லுட்மில்லா அஸ்ஸிங் அந்த நாட்குறிப்புகளை அரசவை ரகசியங்களோடு சேர்த்து அப்படியே அச்சேற்றினார். பிரஷ்யா அவருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. அவர் ஃபிளாரன்ஸில் இருந்துகொண்டு தொடர்ந்து தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அவர் மறைவுக்குப் பின் சேகரிப்பு பெர்லின் அரச நூலகத்துக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் பாதுகாப்புக்காக வெளியூருக்கு அனுப்பிவைத்ததில் காணாமலே போய்விட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்கள் கலங்கினார்கள். போலந்தின் கிராக்கோவ் நகரில், யாகியெல்லோனிய நூலகத்தில் அது பத்திரமாக இருந்தது! ராகெலின் தோழிகளுடைய கடிதங்கள் அங்கிருந்துதான் ஒவ்வொரு கட்டாகப் பிரிந்து பதிப்பாகி வந்திருக்கின்றன.