கைநூலை எங்கே வைப்பது?

பொதுச் சொத்தாய் ஒரு மென்பொருள் – 9

"சேர், புரோகிராம் எழுதி முடிஞ்சுது. இதைப் பாவிக்கிறது எப்பிடி எண்டு எழுதினதை எங்க போடுறது?"

தமிழ்த் தட்டச்சுக்கென ஒரு சிறு கட்டற்ற மென்பொருளைச் செய்துவரும் மாணவன் கேட்டான். சின்னக் கேள்விதான். ஆனால் பல திட்டங்கள் படுத்துவிடுவது இந்த இடத்தில்தான். செய்தவர் வேலை கிடைத்து வெளிநாடு போய்விடுவார்; குறிப்புகள் அவருடைய மின்னஞ்சலுக்குள்ளேயே கிடக்கும்.

வழி இரண்டு. ஒன்று, நிரலோடு ஒரே களஞ்சியத்தில் வைப்பது. லினக்ஸின் மூலநிரலுக்குள்ளேயே ஆவணங்களுக்கென ஓர் அடைவு உண்டு. நிரலை மாற்றுபவர் கையோடு விளக்கத்தையும் மாற்றலாம். பழைய பதிப்பை எடுத்தால் அதற்குரிய விளக்கமும் கூடவே வரும். ஆனால் களஞ்சியத்தில் மாற்றங்களைப் பதியும் 'கிற்' (Git) என்ற கருவி பழகாதவர் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தவும் தயங்குவார்.

மற்றது விக்கி. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியின் கையேடே ஒரு விக்கியில்தான் இருக்கிறது. அதன் பயனர் உதவிப் பக்கங்களைப் பொதுவுடைமையாக விட்டிருக்கிறார்கள். அனுமதி கேளாமலே எவரும் தம் தளத்தில் படியெடுத்துப் போடலாம். விக்கியின் குறை வேறு. மென்பொருள் முன்னே ஓட, பக்கம் பழைய பதிப்பிலேயே நின்றுவிடும்.

ஈழத்து எழுத்துகளை எண்ணிமமாக்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இயங்குவதும் மீடியாவிக்கியில்தான். ஏதாவது ஒரு நூலின் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: நூலக எண், ஆசிரியர், மொழி, வெளியீட்டாண்டு, பக்கங்கள் என ஒரு சிறு பட்டியல், அதன்கீழே 'வாசிக்க'. இதை நிரப்பப் புரோகிராம் எழுதத் தெரியவேண்டியதில்லை, நூலைக் கையில் வைத்திருந்தால் போதும். இப்படி வேலைசெய்பவருக்கான குறிப்பைக் களஞ்சியத்துக்குள் பூட்டினால் அது அவர் கண்ணில் படாது.

ஆகவே அவனுக்குச் சொன்னேன்: எவருக்கான குறிப்போ, அது அவர் கைபடும் இடத்தில் இருக்கட்டும். நிறுவுவதும் நிரலைத் திருத்துவதும் களஞ்சியத்தில், பாவிப்பவருக்கானது விக்கியில். ஒரே விளக்கத்தை இரண்டிலும் எழுதாதே, ஒன்றிலிருந்து மற்றதற்கு இணைப்புக் கொடு. இரண்டையும் திருத்த ஒருவருக்கும் பொறுமை இராது.

எழுதும் இடம் ஒன்றாகலாம். படி ஒன்றாக இருக்கக்கூடாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அச்சு நூலுக்கு வேறெங்கோ ஒரு பிரதி இருக்கலாம். ஏட்டுச் சுவடிக்கு எங்கே போவது? 'கிற்' களஞ்சியத்தை முழுதாகப் படியெடுத்த ஒவ்வொருவர் கணினியிலும் அதன் வரலாறு முழுதும் இருக்கும். இலங்கையில் 2022இன் நீண்ட மின்வெட்டுகளில் இணையம் இல்லாத நேரத்திலும் மடிக்கணினியில் திறந்து வாசிக்க முடிந்தது அப்படி இறக்கிவைத்ததைத்தான். விக்கிக்கு இது தானாக நடக்காது. மாதமொருமுறையாவது பக்கங்களை ஏற்றுமதி செய்து வேறிடத்தில் வைக்கவேண்டும்.

உங்கள் திட்டத்தின் குறிப்பு இப்போது எத்தனை கணினிகளில் இருக்கிறது? ஒன்றுதான் என்றால், இன்றிரவே இரண்டாக்குங்கள்.