மின்கம்பி வழி வரும் இணையம்: பூட்ட வேண்டிய மூன்று கதவுகள்

2020ஆம் ஆண்டின் கொவிட் முடக்கக் காலத்தின் பின்னர், வீட்டிலிருந்தே கற்பதும் தொழில் புரிவதும் பல குடும்பங்களின் அன்றாட வழக்கமாகிவிட்டன. எனினும், முன் விறாந்தையிலுள்ள ரவுட்டரின் வை-பை அலைகள் பின் அறைகளை எட்டுவதில்லை என்ற முறைப்பாடு பரவலாகவே உள்ளது. தடித்த செங்கற் சுவர்களும் கொங்கிரீட் தளங்களும் அந்த அலைகளைப் பெரிதும் நலிவடையச் செய்கின்றன. புதிதாகக் கம்பி இழுக்காமலும் சுவரைத் துளைக்காமலும் இக்குறையைத் தீர்க்கும் கருவியாகவே பவர்லைன் வை-பை அடப்டர் விற்பனையாகின்றது.

இதன் தொழிற்பாடு எளிமையானது. இலங்கையில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தத்தில், செக்கனுக்கு 50 தடவை அலைவது. அதே கம்பியில், அதனைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு உயர்ந்த அதிர்வெண்ணில் தரவுகளையும் அனுப்பலாம். ரவுட்டருக்கு அருகிலுள்ள பிளக் பொயின்டில் ஓர் அடப்டரும் தொலைவிலுள்ள அறையில் மற்றோர் அடப்டரும் பொருத்தப்படுகின்றன. முதலாவது இணையத் தரவை மின்கம்பியில் ஏற்றுகின்றது. இரண்டாவது அதனை இறக்கி வை-பை அலையாகப் பரப்புகின்றது.

"தரவு கம்பிக்குள் செல்வதால் அது வீட்டைவிட்டு வெளியேறாது" என்று பாவனையாளர் பலர் கருதுகின்றனர். ஆனால், மின்கம்பி வீட்டுச் சுவரோடு முடிந்துவிடுவதில்லை. தெருவிலுள்ள மின்மாற்றி இச்சமிக்ஞையைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வீட்டு மின்மானியோ அதனை நலிவடையச் செய்யுமே தவிர, முற்றாகத் தடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தொடர்மாடிக் குடியிருப்புகளில் அயல் வீட்டுக் கம்பிகள் அருகருகே செல்வதால் சமிக்ஞை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவும் கூடும். கொழும்பிலும் அதன் புறநகர்களிலும் வீட்டின் ஒரு பகுதியை அனெக்ஸாக வாடகைக்கு விடுவது சாதாரண வழக்கம். அங்கு இரு குடும்பங்கள் ஒரே மின்மானியைப் பகிர்ந்துகொள்ளும்போது, இருவரது பிளக் பொயின்டுகளும் ஒரே வலையமைப்பின் வாசல்களாகிவிடுகின்றன.

இந்த அபாயத்தைத் தொழில்நுட்ப வல்லுநர்கள் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர். 2001இல் வெளிவந்த ஹோம்பிளக் முதலாவது நியமம், தரவுகளை 56 பிட் நீளமுள்ள டி.ஈ.எஸ். முறையில் மறைகுறியாக்கியது. ஆனால், 1999ஆம் ஆண்டிலேயே அம்முறையிலான சாவி ஒன்று 22 மணித்தியாலமும் 15 நிமிடமும் கொண்ட முயற்சியில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. எனவே, 2005இல் வந்த ஹோம்பிளக் ஏவி நியமம் 128 பிட் ஏ.ஈ.எஸ். முறைக்கு மாறியது. இதனை முறிக்கும் நடைமுறைச் சாத்தியமான வழி இன்றுவரை அறியப்படவில்லை.

பூட்டு பலமானதுதான். குறை சாவியிலேயே உள்ளது. பொதியைத் திறந்து பொருத்தியவுடனேயே வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, பல அடப்டர்கள் தொழிற்சாலையிலிருந்து ஒரே பொதுக் கடவுச்சொல்லுடன் வெளிவந்தன. ஏவி வகைக்கு அந்த நியமத்தின் பெயரே கடவுச்சொல்லாக அமைந்திருந்தது. உலகிலுள்ள எல்லா வீடுகளுக்கும் ஒரே சாவியென்றால் பூட்டின் பலத்தால் என்ன பயன்? அயலவர் கடையில் வாங்கிவந்து பொருத்தும் அடப்டர், எந்தத் தீய நோக்கமும் இன்றியே, நமது வலையமைப்புடன் தானாக இணைந்துவிடலாம்.

ஆகவே, முதலில் பூட்ட வேண்டியது மின்கம்பி என்னும் கதவையே. பெரும்பாலான அடப்டர்களில் இதற்கென ஒரு பொத்தான் உண்டு. ஓர் அடப்டரின் பொத்தானைக் கணநேரம் அழுத்தி, இரண்டு நிமிடங்களுக்குள் மற்றையதன் பொத்தானையும் அழுத்தினால், இரண்டும் தமக்குரிய புதிய சாவியை எழுந்தமானமாக உருவாக்கிக்கொள்ளும். எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுவதால் கைநூலைப் பார்ப்பது நன்று. பின்னர் உற்பத்தியாளரின் மென்பொருளைத் திறந்து, பட்டியலில் நமது அடப்டர்கள் மாத்திரம் உள்ளனவா என எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று கூடுதலாக இருப்பின் இணைப்பை மீண்டும் புதிதாக ஏற்படுத்த வேண்டும். மீளமைப்புப் பொத்தானை அழுத்தினால் அடப்டர் பழைய பொதுச் சாவிக்கே திரும்பக்கூடும் என்பதையும் மறந்துவிடலாகாது.

இரண்டாவது கதவு காற்றுவெளி. மின்கம்பியைப் பூட்டுவதால் வை-பை பூட்டப்பட்டதாகாது. இரண்டின் சாவிகளும் வெவ்வேறானவை. வை-பைக்கு டபிள்யூ.பி.ஏ.3 முறையையோ, அது இல்லாவிடின் ஏ.ஈ.எஸ். உடன் கூடிய டபிள்யூ.பி.ஏ.2 முறையையோ தெரிவு செய்ய வேண்டும். 2001இலேயே முறியடிக்கப்பட்ட டபிள்யூ.ஈ.பி. முறையை எக்காரணம் கொண்டும் நாடலாகாது. ரவுட்டரின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு பொத்தானில் பிரதிசெய்யும் வசதி பல அடப்டர்களில் உண்டு. அது டபிள்யூ.பி.எஸ். என்னும் முறையைச் சார்ந்தது. அம்முறையின் எட்டு இலக்க எண்ணை ஏறத்தாழ 11,000 முயற்சிகளுக்குள் கண்டறியலாம் என்பது 2011 டிசம்பரில் அம்பலமானது. எனவே, வேலை முடிந்ததும் ரவுட்டரிலும் அடப்டரிலும் அவ்வசதியை நிறுத்திவிடுவதே உசிதம்.

மூன்றாவது கதவு, அடப்டரின் நிர்வாகப் பக்கம். அதன் கடவுச்சொல்லைத் தொழிற்சாலையில் இட்டபடியே விட்டுவிடுவோர் அநேகர். 2016இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், அறுபதளவிலான இத்தகைய பொதுக் கடவுச்சொற்களை மாத்திரம் பரீட்சித்துப் பார்த்து, கண்காணிப்புக் கமராக்களையும் வீட்டு ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அதே ஆண்டு ஒக்டோபரில் டுவிட்டர் உள்ளிட்ட பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கியமைக்கு அக்கருவிகளே காரணமாயின. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை இட்டு விற்பதைப் பிரித்தானியா 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது. பழைய கருவிகளைப் பொறுத்தவரை அக்கடமை பாவனையாளரையே சார்ந்தது. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவதோடு, உற்பத்தியாளர் வெளியிடும் மென்பொருள் இற்றைப்படுத்தல்களையும் நிறுவுதல் அவசியம்.

இம்மூன்றையும் பூட்டிய பின்னரும் கவனிக்க வேண்டியவை சில உள. அடப்டரிலுள்ள ஈதர்நெட் துவாரம் பொதுவாக எந்தக் கடவுச்சொல்லையும் கேட்பதில்லை. கம்பியைச் செருகியவர் எவராயினும் உள்ளே வந்துவிடலாம். எனவே, வெளி விறாந்தை, மாடிப்படி, பொது நடைவழி போன்ற இடங்களில் அடப்டரைப் பொருத்தலாகாது. அடப்டர் ஒன்று காணாமற் போனாலோ, விற்கப்பட்டாலோ, எஞ்சியவற்றுக்குப் புதிய சாவியை உருவாக்க வேண்டும். பழைய சாவி அந்த அடப்டருடனேயே போய்விடுகின்றது.

வங்கித் தளங்கள் தமது தரவுகளைத் தனியாக மறைகுறியாக்குவதால் இவ்வளவு சிரமம் எதற்கு எனச் சிலர் வினவலாம். அந்தப் பாதுகாப்பு உண்மையானதே. ஆனால், வலையமைப்பினுள் நுழைந்த ஒருவர் ரவுட்டரின் அமைப்பை மாற்றி நம்மைப் போலித் தளங்களுக்குத் திருப்ப முயலலாம். பகிரப்பட்ட கோப்புகளையும் கமராக்களையும் எட்டிப் பார்க்கலாம். அனைத்துக்கும் மேலாக, நமது இணைப்பினூடாக அவர் குற்றமிழைப்பின் விசாரணை முதலில் வந்து நிற்பது இணைப்பின் உரிமையாளரது வாசலிலேயே. அனுமதியின்றி நுழைவதை 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாக்கியுள்ளது உண்மை. எனினும், சட்டத்தின் துணை தீங்கு நேர்ந்த பின்னரே கிட்டும்.

இதற்கெல்லாம் தேவைப்படுவது அரைமணி நேரமும் ஒரு கைநூலுமே. கருவியை வாங்கிய அன்றே அந்த அரைமணி நேரத்தை ஒதுக்குவது, அனெக்ஸிலும் தொடர்மாடியிலும் ஒரே கம்பியைப் பகிர்ந்து வாழ்வோருக்கு நம்மையும் அயலவரையும் வீண் சந்தேகத்திலிருந்து காக்கும் வழியுமாகும்.