சேலம் நாமக்கல் சீமைக்கு ஒரு சித்திரசாலை

கலைக்காட்சி என்ற பேச்சு எழுந்தால் சென்னையையும் தில்லியையும் கல்கத்தாவையும் நோக்கியே நம்மவர் மனம் ஓடுகிறது. சேலம், நாமக்கல் சமவெளியைப் பற்றிப் பேசுவோர் நெசவு, இரும்பு, மாம்பழம், முட்டை, லாரி என்று அடுக்குவார்கள். அந்த வரிசையில் சித்திரத்தையும் சிற்பத்தையும் சேர்ப்பவர் அரியர். பாடுபட்டுப் பொருள் ஈட்டும் சீமை இது, கலைக்கு இங்கே இடம் ஏது என்று அந்தச் சீமையின் மக்களே சொல்லக் கேட்கிறோம். இந்த எண்ணம் உண்மைக்கு மாறானது. அது மட்டுமன்று, இதனால் விளைந்துவரும் நஷ்டமும் சிறிதன்று. அதை எடுத்துக் காட்டுவதே நமது நோக்கமாகும்.

நாமக்கல் நகரின் நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் மலையை அறியாதார் இல்லை. அதன் இரு புறங்களிலும் 8ஆம் நூற்றாண்டில் அதியர் குலத்து மன்னன் குணசீலன் காலத்தில் குடையப்பெற்ற குகைக்கோயில்கள் இருக்கின்றன. ஒன்றில் நரசிம்மர் வீற்றிருக்கிறார். மற்றொன்றில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். இரணியனை மடியில் கிடத்தி வதைக்கும் கோலமும், உலகளந்த பெருமாள் ஓங்கித் தூக்கிய திருவடியும், அரியும் அரனும் ஓருருவாய் நிற்கும் சங்கரநாராயண வடிவமும் அப்பாறைச் சுவர்களில் உயிர்பெற்று நிற்கின்றன. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக, கட்டணம் இல்லாமல், பண்டிதன் பாமரன் என்ற பேதம் இல்லாமல், எல்லோர்க்கும் திறந்து கிடக்கும் சிற்பக் காட்சி வேறு எது?

தாரமங்கலத்துக்குச் செல்வோம். கெட்டி முதலியார்கள் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில், இராமபிரான் நிற்கும் தூணிலிருந்து நோக்கினால் வாலி தெரிவான். வாலியின் தூணிலிருந்து நோக்கினாலோ இராமபிரான் தென்படமாட்டார். மறைந்து நின்று அம்பெய்த கதையை, ஒரு சொல்லும் இல்லாமல், தூண்களை நிறுத்திய விதத்தினாலேயே சிற்பி சொல்லிவிட்டான். பார்ப்பவன் எங்கே நிற்பான், அவன் கண்ணுக்கு எது புலப்படும், எது மறையும் என்று கணக்கிட்டு அமைப்பதே இக்காலத்துக் கலைக்கூட நிர்வாகிகள் பெரிதாகப் போற்றும் வித்தை. அந்த வித்தை நம் சிற்பிகளுக்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே கைவந்திருந்தது.

சேலம் நகரில் அரசினர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆநிரை காத்தும் ஊர் காத்தும் மாண்டவர்களுக்கு எடுத்த நடுகற்களையும் பழைய கற்சிற்பங்களையும் அங்கே காணலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒரு முறையேனும் அங்கே அழைத்துச் செல்லாத ஆசிரியர் தம் கடமையில் பாதியை விட்டவர் என்றே சொல்லுவோம்.

கல்லுக்கு இவ்வளவு சிறப்பு உண்டு. ஆனால் வண்ணத்துக்கு என்ன கதி? தூரிகை பிடித்தவர்கள் இந்தச் சீமையில் பிறக்கவில்லையா? பிறந்தார்கள். அவர்களில் தலைசிறந்தவரைத் தமிழுலகம் முழுவதும் அறியும். ஆனால் சித்திரக்காரராக அறியாது.

நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை 1888இல் மோகனூரில் பிறந்தார். 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குச் சென்ற உப்புச் சத்தியாக்கிரகப் படைக்கு நடைப்பாட்டு அளித்தவர் அவரே. 1932இல் சிறை புகுந்தவர், 1949இல் சென்னை ராஜ்யத்தின் அரசவைக் கவிஞராக்கப் பெற்றவர், 1972இல் மறைந்தவர். இவை யாவும் பள்ளிப் பாடங்களில் வருகின்றன. ஆயின் கவிஞர் என்ற பெயர் பரவுவதற்கு முன் அவருக்குச் சோறு போட்டது தூரிகை என்பதை எத்தனை பேர் அறிவர்? ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டை ஒட்டி அவர் எழுதிய படத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. மன்னனுக்குப் படம் எழுதிய அதே கை, இருபது ஆண்டுகளுக்குள் அம்மன்னனின் ஆட்சியை எதிர்த்த அறப்போருக்குப் பாட்டு எழுதிற்று! பாரதியாரைச் செட்டிநாட்டிலே சந்தித்தபோதும் அவர் சித்திரக்காரராகவே அறிமுகமானார். கவி என்பது பிறகே வெளிப்பட்டது.

அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆகியிருக்கின்றன. நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக விளங்குகிறது. சென்னைக் கோட்டையில் உள்ள பத்து மாடித் தலைமைச் செயலகக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவை தக்க மரியாதைகளே. ஆனால் அவருடைய பாட்டைப் பாடுவோர் பல்லாயிரவர். அவருடைய கையெழுத்துச் சித்திரம் ஒன்றைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணலாம் என்பதே நமது அச்சம்.

பாட்டுக்கும் படத்துக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பாட்டை அச்சிட்டால் ஆயிரம் பிரதி. ஒரு பிரதி செல்லரித்தால் மற்றொன்று இருக்கும். சித்திரமோ ஒன்றே ஒன்று. அது மங்கினால் மங்கியதுதான்; எரிந்தால் எரிந்ததுதான். சேலத்துக் கோடை வெயிலும் மழைக்காலத்து ஈரமும் மாறி மாறித் தாக்கும்போது துணி விரிந்து சுருங்குகிறது. மேலே உள்ள வண்ணம் வெடித்து உதிர்கிறது. நீர்வண்ணச் சித்திரங்களை 50 லக்ஸுக்கு மிகாத மங்கிய வெளிச்சத்திலும், எண்ணெய்வண்ணச் சித்திரங்களை 200 லக்ஸுக்கு மிகாத வெளிச்சத்திலும் வைக்கவேண்டும் என்பது கலைக்கூடங்களின் விதி. ஜன்னலுக்கு எதிரே மாட்டிய தாத்தாவின் படத்துக்கு இந்த விதியை யார் பார்க்கிறார்கள்? வீடு இடித்துக் கட்டும்போது பழைய சட்டம் போட்ட படங்கள் பரணுக்கும், பரணிலிருந்து பழைய சாமான் கடைக்கும் போவதை நாம் அனைவரும் அறிவோம். அவற்றுள் எது எவர் கைப்படம் என்று பார்ப்பார் இல்லை. இந்த நஷ்டம் ஓசையின்றி நடப்பதால் எவரும் கூக்குரல் இடுவதில்லை.

இறந்தவர் கலை மட்டுமா? இருப்பவர் கலையும் அப்படியே. நாமக்கல்லும் சங்ககிரியும் திருச்செங்கோடும் லாரிக்குப் பெயர் போன ஊர்கள். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளில் மரவேலைக்காரரும் கொல்லரும் வேலை முடித்த பின் வண்ணக்காரர் வருகிறார். பசுவும் கன்றும், தாமரையும் மயிலும், குலதெய்வத்தின் பெயரும் அவர் கையால் பலகையில் ஏறுகின்றன. அந்த லாரி காஷ்மீரம் வரை போகிறது; நம் சீமையின் சித்திரத்தைப் பாரதம் முழுவதும் காட்டி வருகிறது. அந்த வண்ணக்காரரின் பெயரைக் கேட்டவர் உண்டா? கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதிப் பிழைத்த அவருடைய தோழர்களோ, பிளெக்ஸ் அச்சு வந்த பின் தொழிலை இழந்தனர். எழுத்தின் வளைவையும் முகத்தின் சாயலையும் வெறுங்கையால் பிடிக்கும் பயிற்சி ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும் நிலையில் இருக்கிறது.

பணக்காரர் மாளிகைக்கு அலங்காரமாக இருப்பதைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு 1938ஆம் வருஷத்து ஹரிபுரா காங்கிரஸை நினைவூட்டுகிறோம். குஜராத்தின் அந்தக் கிராமத்தில் மகாசபை கூடியபோது, வரும் குடியானவர்கள் வழியிலேயே சித்திரங்களைக் கண்டு மகிழவேண்டும் என்று காந்தியடிகள் விரும்பினார். அதன்பொருட்டுச் சாந்திநிகேதனத்து நந்தலால் போஸை அழைத்தார். அவர் சாதாரணக் காகிதத்தில் மண்ணிலிருந்து எடுத்த வண்ணங்களால், உழவன், குயவன், வாத்தியக்காரன், சமைக்கும் பெண் என்று கிராமத்தாரையே எழுதினார். அவர் கைப்பட எழுதியவை 80க்கும் மேல். சட்டமோ கண்ணாடியோ இல்லை. மூங்கிலும் கீற்றுமே சுவர். வண்டியில் வந்த உழவன் தன் முகத்தையே அங்கே கண்டான். அந்தப் படங்களில் பெரும்பகுதி இன்று புதுதில்லி தேசிய நவீன கலைக்கூடத்தின் செல்வமாக இருக்கிறது. மக்களுக்காக எழுதியதை மதித்துக் காத்தால் அது தேசத்தின் செல்வமாகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இனிச் செய்யவேண்டியது என்ன? முதலாவது, நாமக்கல் கவிஞரின் சித்திரங்கள் எவரெவர் இல்லத்தில் உள்ளனவோ அவற்றைக் கணக்கெடுக்க வேண்டும். உடையவரிடமிருந்து பறிக்கவேண்டியதில்லை, புகைப்படம் எடுத்து, அளவும் ஆண்டும் நிலையும் குறித்து ஒரு பட்டியல் ஆக்கினாலே பாதி காத்தாயிற்று. பழுதுற்றவற்றைச் சீர்செய்யும் வித்தைக்கு அயல்நாடு போகவேண்டாம். சென்னை அரசினர் அருங்காட்சியகத்தில் 1930இலேயே அதற்கென ரசாயனக் கூடம் ஏற்பட்டது.

இரண்டாவது, அவர் பெயரால் ஒரு சித்திரசாலை வேண்டும். நாமக்கல்லில் அமைந்தால் மிகப் பொருத்தம். அதில் ஒரு சுவர் அவருக்கு. மற்றச் சுவர்கள் இச்சீமையின் இன்றைய ஓவியர்களுக்கு. லாரி வண்ணக்காரருக்கும் ஒரு சுவர் ஒதுக்கத் தயங்கவேண்டாம்.

மூன்றாவது, காட்சி ஓரிடத்தில் அடைந்து கிடக்கலாகாது. ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு, எடப்பாடி, ஓமலூர் என்று ஊர் ஊராகச் செல்லவேண்டும். சந்தை கூடும் நாளும் தேர்த் திருவிழா நாளும் அதற்கு உகந்தவை. பள்ளிக்கூட மண்டபம் போதும்; மேற்பார்வைக்கு ஓவிய ஆசிரியர் போதும். ரவிவர்மாவின் எண்ணெய்ச் சித்திரங்களைக் காண ஓமலூர்ச் சிறுவன் 300 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து சென்னைக்குப் போகவேண்டியிருக்கிறது. தன் ஊரார் சித்திரத்தைக் காணவாவது அவனுக்குத் தன் ஊரில் இடம் இருக்கவேண்டாமா?

செலவைப் பற்றிக் கூறுவோருக்கு ஒரு வார்த்தை. சர்க்கார் செய்யட்டும் என்று கைகட்டி இருப்பது அழகன்று. கல்லூரிகளும் கல்விச்சாலைகளும் எழுப்பிய கைகள் இந்தச் சமவெளியில் குறைவில்லை. லாரித் தொழிலிலும் நெசவிலும் கோழிப்பண்ணையிலும் செழித்த செல்வர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு கட்டடத்தின் செலவு அவர்களுக்கு மலையன்று.

குணசீலன் மலையைக் குடைந்தபோது, அவன் குடிமக்கள் எல்லாரும் வயிறார உண்டு மிகுந்த பொருளையா செலவிட்டான்? வேண்டும் என்று எண்ணினான், செய்தான். அவன் பெயரும் அவன் காலத்துச் சிற்பியின் உளியும் இன்றும் நிற்கின்றன. நம் காலத்துத் தூரிகைக்கு ஒரு சுவரேனும் தருவோமா என்பதே கேள்வி. சேலம், நாமக்கல் வாசிகள் விடை கூறட்டும். தாமதம் செய்யும் ஒவ்வொரு கோடையிலும் ஒரு சித்திரம் உதிர்ந்துகொண்டிருக்கிறது என்பதை மறவாது விடை கூறட்டும்.